மூடுபனிக்குள் நான்காவது ஆள்

சிம்பராசோ என்ற பெயரை நான் முதலில் கேட்டது பி.ஏ. வகுப்பில். டர்னரின் 'ரொமான்ஸ்' என்ற கவிதை. எரிமலைகளின் பெயர்கள், வெறும் பெயர்கள், ஒரு சிறுவனை வீட்டிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் பிடுங்கிக்கொண்டு போய்விடுகின்றன. மலையைப் பற்றிய தகவல் என்று அதில் அநேகமாக ஒன்றும் கிடையாது. ஒலிதான். எனக்கும் பதினைந்து வருஷங்கள் அது ஒலியாகவே இருந்தது. பிறகு, அந்த மலையில் ஏறி உச்சியைத் தொடாமல் திரும்பிவந்த ஒருவர் எழுதிய கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படிக்க நேர்ந்தது. அதிலிருந்து ஒலி போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு பகல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பகல் 1802-ம் ஆண்டு ஜூன் 23. ஏறியவர் அலெக்ஸாண்டர் வான் ஹம்போல்ட், அப்போது வயது முப்பத்திரண்டு. கட்டுரை அச்சில் வந்ததோ 1837-ல். நடந்ததற்கும் அதை ஒரு கட்டுரையாகச் சொன்னதற்கும் நடுவில் முப்பத்தைந்து வருஷங்கள். மலையில் அவர் எழுதிய நாட்குறிப்பும், அதே ஆண்டு நவம்பரில் லிமாவிலிருந்து அண்ணன் வில்ஹெல்முக்கு எழுதிய கடிதமும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் உலகம் படித்தது முப்பத்தைந்து வருஷம் ஊறிய பிரதியைத்தான். 'சிம்பராசோவில் ஏறுவதற்கான இரண்டு முயற்சிகள்' என்பது அதன் தலைப்பு. ஒன்று அவருடையது, மற்றது 1831-ல் புஸ்ஸிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் செய்தது, சுமார் 6,000 மீட்டர் வரை போனதாக அவர் கணக்கு. இரண்டுமே தோற்றுப்போன முயற்சிகள். தன் மிகப் பெரிய புகழுக்குக் காரணமான நாளைப் பற்றி எழுத உட்கார்ந்தவர் தலைப்பிலேயே 'முயற்சி' என்று போட்டுக்கொள்கிறார். அது மட்டுமல்ல, உறைபனிக் கோட்டுக்கு மேலே உள்ள சிகரங்களில் ஏறுவதால் விஞ்ஞானத்துக்குப் பெரிய லாபம் ஒன்றுமில்லை என்ற தோரணையில்தான் ஆரம்பமே. எட்ட முடியாதது என்று தோன்றுவதற்கு ஒரு கவர்ச்சி உண்டு, ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன் என்கிற பாவனை. இந்த அடக்கத்தை எவ்வளவு தூரம் நம்புவது என்பது வேறு விஷயம்.

சிம்பராசோ இன்றைய ஈக்வடாரில், பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே நிற்கும் எரிமலை. உயரம் 6,263 மீட்டர். கடைசியாகக் கனன்று சுமார் ஆயிரத்தைந்நூறு வருஷங்கள் ஆகின்றன. மேலே பனிக்கட்டிக் குவிமாடம், அடியில் கறுத்த எரிமலைப் பாறை. 1802-ல் உலகத்திலேயே உயர்ந்த மலை அதுதான் என்பது படித்தவர்களின் பொதுவான நம்பிக்கை. அதற்கு அறுபது வருஷங்களுக்கு முன்பு பூமியின் வடிவத்தை அளக்க வந்த பிரெஞ்சு விஞ்ஞானிகள் பூகேயும் லா கொந்தமீனும் அதன் சரிவில் கூடாரம் போட்டு, மலையின் ஈர்ப்பு தூக்குக்குண்டின் நூலைக் கொஞ்சமாவது தன் பக்கம் இழுக்கிறதா என்று சோதித்தார்கள். பூமி நடுவில் பருத்தது என்று நிலைநாட்டியது அந்தக் குழு. அந்தப் பருமனால்தான், பூமியின் மையத்திலிருந்து அளந்தால், எவரெஸ்டின் உச்சியைவிட சிம்பராசோவின் உச்சி இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. எதிலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எந்த உயரமும். நம்மூர் இலக்கியப் பட்டியல்களைப் பார்க்கும்போதும் எனக்கு இது ஞாபகம் வருவதுண்டு.

முந்தின நாள் இரவு மலையடிவாரத்துக் கால்பி என்ற கிராமத்தில் தங்கினார்கள். காலையில் கோவேறு கழுதைகள் மேல் புறப்பட்டார்கள். புல்வெளி முடிந்து பனி ஆரம்பித்ததும் நடை. கருவிகளைச் சுமக்கவும் வழிகாட்டவும் உள்ளூர் இந்தியர்கள் வந்தார்கள். ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் அவர்கள் நின்றுவிட்டார்கள். கெஞ்சியும் பார்த்தோம், மிரட்டியும் பார்த்தோம், பிரயோஜனமில்லை என்று ஹம்போல்ட் எழுதுகிறார். எங்களைவிடத் தங்களுக்குத்தான் மூச்சு முட்டுகிறது என்று அவர்கள் சொன்னார்களாம். இதில் வருகிற மிரட்டல் என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். முப்பத்தைந்து வருஷம் கழித்தும் அதை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அது நேர்மையா, அல்லது மறைக்க வேண்டிய விஷயமாகவே அது அந்தக் காலத்தில் இல்லையா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

மீதி நான்கு பேர். ஹம்போல்ட், பிரெஞ்சுத் தாவரவியலாளர் பொன்பிளான், கீட்டோ நகரத்துப் பிரபு ஒருவரின் மகன் கார்லோஸ் மோன்டூஃபார், பக்கத்து ஸான் ஹுவான் கிராமத்தைச் சேர்ந்த ஒரு மெஸ்திசோ, அதாவது கலப்பினத்தவன்.

இங்கிருந்து மேலே போகும் பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒரு மலையேற்றத்தை இவ்வளவு அலங்காரமில்லாமல் எழுத முடியும் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கத்தியின் முதுகு போன்ற ஒரு பாறை விளிம்பு. பல இடங்களில் அதன் அகலம் எட்டு, பத்து அங்குலம்தான். இடது பக்கம் கண்ணாடி போலப் பளபளக்கும் பனிச்சரிவு. வலது பக்கம் எண்ணூறு, ஆயிரம் அடிப் பள்ளம், கீழே பனியில்லாத பாறைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் உடம்பைச் சாய்த்துக்கொண்டது பள்ளத்தின் பக்கம். காரணம் சொல்கிறார்: இடது பக்கம் சறுக்கினால் பிடித்துக்கொள்ள ஒரு கல் கூடக் கிடையாது, மேலோட்டமான பனிக்கட்டி உடைந்தால் உள்ளே புதைந்துபோகவும் கூடும். வலது பக்கம் விழுந்தாலும் பாறை இருக்கிறது. பாதுகாப்பாகத் தெரிகிற வழவழப்பைவிட அபாயம் வெளிப்படையாக இருக்கும் பக்கம் மேல் என்று உடம்பு தானாக முடிவு செய்கிறது. இதை உருவகமாக்கிவிட வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் ஆக்கவில்லை.

அதற்கப்புறம் கைகளாலும் ஏற வேண்டியிருக்கிறது. பாறையின் கூர்முனைகள் கையைக் கிழிக்கின்றன. ஹம்போல்ட்டின் ஒரு காலில் ஏற்கெனவே புண். குமட்டல், தலைசுற்றல். உதட்டிலும் ஈறுகளிலும் ரத்தம் கசிகிறது, கண்கள் ரத்தம் கோத்துச் சிவக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே மூடுபனி. மலையின் உச்சி எங்கே இருக்கிறது, தாங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதே தெரியாத நிலை. ஓரிடத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடம் கிடைக்கிறது. உடனே பாரமானியைத் திறந்து அளக்கிறார்கள். எதிர்பார்த்த உயரம் வரவில்லை, ஏமாற்றம். மறுபடி ஏறுகிறார்கள். திடீரென்று பனி விலகுகிறது. காற்று ஒன்றும் வீசவில்லை. குவிமாட உச்சி மிகப் பக்கத்தில் தெரிகிறது. விளிம்பும் கொஞ்சம் அகன்றிருக்கிறது. வேகமாகப் போகிறார்கள். எதிரே ஒரு பிளவு. சுமார் 400 அடி ஆழம், 60 அடி அகலம். அதற்கப்பால் தங்கள் விளிம்பு தொடர்ந்து போவது கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே போக வழியில்லை.

மணி பகல் ஒன்று. மீண்டும் பாரமானி. கணக்குப்படி 3,016 துவாஸ், நம் அளவில் சுமார் 5,880 மீட்டர். உச்சிக்கு இன்னும் ஏறத்தாழ 400 மீட்டர் பாக்கி. ரோமாபுரி பேதுரு ஆலயத்தைப் போல மூன்று மடங்கு உயரம் என்று ஒப்பிடுகிறார். கொஞ்ச நேரம்தான் நின்றார்கள். பனி மறுபடி மூடிக்கொண்டது.

இதுதான் நடந்தது. ஆனால் சிம்பராசோவைப் பற்றிச் சொல்லப்படும் கதை வேறு. அந்த உச்சிக்கருகில் நின்றபோதுதான் ஹம்போல்ட்டுக்கு இயற்கை முழுவதும் ஒரே பின்னல் என்ற தரிசனம் கிட்டியது என்பது இப்போது வழக்கமாகிவிட்ட கதை. ஆண்ட்ரியா வுல்ஃப் 2015-ல் வெளியிட்ட ஹம்போல்ட் வாழ்க்கைச் சரித்திரம் இதை உலகமெங்கும் கொண்டுபோனது. நல்ல புத்தகம்தான். ஆனால் தரிசனம் என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு ஒரு எச்சரிக்கை வந்துவிடுகிறது. நம் விமர்சகர்கள் அதைக் கைமாற்றாக வாங்கி வாங்கித் தேய்த்துவிட்டார்கள். ஒரு நாவலில் முன்னூறு பக்கம் மூடுபனியாக இருந்தாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு தரிசனத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறோம். அந்த மூடுபனியை யார் படிப்பது?

தரிசனத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஒரு படம். 1803-ல் குவாயாகில் துறைமுகத்தில் அதன் முதல் வரைவு தயாரானது; 1807-ல் பாரிஸில் அச்சாயிற்று. சிம்பராசோவைக் குறுக்கே பிளந்து, எந்தெந்த உயரத்தில் என்னென்ன செடி முளைக்கிறது என்று மலையின் வயிற்றுக்குள்ளேயே பெயர்களை எழுதியிருப்பார். இரண்டு பக்கமும் கட்டங்களில் வெப்பம், காற்றழுத்தம், வானின் நீலம் என்று கணக்குகள். மகத்தான படம், சந்தேகமில்லை. உயரத்துக்கு உயரம் தாவரங்கள் மாறுகிற ஒழுங்கை ஒரே பார்வையில் காட்டிய படம். ஆனால் அதை அந்தப் பகலின் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியுமா?

முடியும் என்று நினைத்த சிலர் 2012-ல் சிம்பராசோவில் ஏறிச் செடிகளைக் கணக்கெடுத்தார்கள். ஹம்போல்ட்டின் படத்தோடு ஒப்பிட்டு, இரு நூற்றாண்டுகளில் வெப்பம் கூடித் தாவரங்கள் 500 மீட்டருக்கு மேல் மேலேறிவிட்டன என்று 2015-ல் அறிவித்தார்கள். 2019-ல் வேறொரு குழு அவருடைய மூலக் குறிப்புகளையும் தாவர மாதிரிகளையும் தேதிவாரியாகச் சரிபார்த்தது. படத்தில் உயர்ந்த இடங்களில் குறிக்கப்பட்டிருக்கும் செடிகளில் பெரும்பாலானவை சிம்பராசோவில் சேகரித்தவையே அல்ல. அந்திசானா என்ற இன்னொரு எரிமலையில், அதே ஆண்டு மார்ச்சில் சேகரித்தவை. அந்திசானாவிலேயே போய் ஒப்பிட்டபோது ஏற்றம் 215-லிருந்து 266 மீட்டர் வரைதான் வந்தது. செடிகள் மேலே ஏறியது உண்மை. ஆனால் சித்திரத்தை ஆவணம் என்று நம்பியதில் பாதிக்குப் பாதி கூடிவிட்டது.

ஹம்போல்ட் ஏமாற்றவில்லை. அவர் வரைந்தது ஒரு மலையை அல்ல, மலைகளின் பொதுமையை. அதற்கு உலகத்தின் மிக உயர்ந்த மலையின் பெயரைக் கொடுத்தார். மூடுபனியிலும் ரத்தம் கசிந்த ஈறிலும் கழிந்த பகலுக்கு மேல், வேறு மலையிலும் மேஜையிலும் கிடைத்த தெளிவை வைத்தார். எழுதுகிற எல்லோரும் செய்கிற காரியம்தான். நான் சண்டை போடுவது அதைப் படிக்கிறவர்களோடு. தெளிவு கிடைத்த இடம் மேஜை என்று ஒப்புக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

இன்னொருவரும் இந்த மலைக்கு ஒரு தரிசனத்தை அளித்தார். பொலிவார் 1822-ல் எழுதியதாகச் சொல்லப்படும் வசன கவிதை ஒன்று உண்டு. அதில் அவர் லா கொந்தமீனும் ஹம்போல்ட்டும் நின்ற இடத்தைத் தாண்டி உச்சிக்குப் போய்க் காலபுருஷனையே சந்திக்கிறார். அவர் நிஜத்தில் ஏறினார் என்பதற்கு அத்தாட்சி கிடையாது. கவிதைக்குப் பாரமானி தேவையில்லை.

அந்த நால்வரிடம் திரும்பி வருகிறேன். பொன்பிளான் கதை எல்லோருக்கும் தெரிந்தது. பிற்காலத்தில் தென்னமெரிக்காவுக்கே திரும்பி, பராகுவே சர்வாதிகாரியிடம் பல வருஷம் சிறைப்பட்டு, 1858-ல் அங்கேயே ஆர்ஜென்டீனாவில் செத்துப்போனார். மோன்டூஃபார் விடுதலைப் போரில் சேர்ந்தார். 1816-ல் ஸ்பானியர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1837 கட்டுரையில் மலையேறியவர்களின் பெயர்களைச் சொல்லும் அதே வாக்கியத்தில் ஹம்போல்ட் இந்த மரணத்தையும் சொல்லிவிடுகிறார். முப்பத்தைந்து வருஷம் தாமதித்ததில் கிடைத்த ஒன்று இது. பனிக்குள் ஏறிக்கொண்டிருக்கும் இளைஞன் நமக்கு முன்பே சுடப்பட்டுவிட்டான். அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்திய வாக்கியம் அது.

அந்த இடத்தில் வேறொருவர் இருந்திருக்கலாம். நியூ கிரனாடாவைச் சேர்ந்த கால்தாஸ், தானாகக் கற்ற விஞ்ஞானி. தண்ணீர் எத்தனை சூட்டில் கொதிக்கிறது என்பதைக் கொண்டே உயரத்தைக் கணிக்கும் முறையை, ஐரோப்பியப் புத்தகங்கள் சரிவரக் கைக்கு வராத ஊரில் உட்கார்ந்து தானே கண்டுபிடித்தவர். ஹம்போல்ட்டோடு பயணம் போக வேண்டும் என்பது அவருடைய பெரிய கனவு. ஹம்போல்ட் மறுத்துவிட்டு, விஞ்ஞானப் பயிற்சி எதுவும் இல்லாத மோன்டூஃபாரைக் கூட்டிக்கொண்டு போனார். கால்தாஸின் கடிதங்களில் அந்தக் கசப்பு வழிகிறது. அவரும் விடுதலைப் பக்கமே நின்றார். அதே 1816-ல் அவரையும் சுட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கும் ஒதுக்கப்பட்டவனுக்கும் ஒரே வருஷம், ஒரே முடிவு.

நான்காவது ஆளுக்கு அந்தக் கட்டுரையில் பெயர் இல்லை. ஊர் இருக்கிறது, ஜாதி இருக்கிறது. மற்ற இந்தியர்கள் நின்றுவிட்ட பிறகும் அவன் வந்தான். எட்டு அங்குல விளிம்பில் அவனும் நடந்தான். பிளவின் விளிம்பில் பகல் ஒரு மணிக்கு அவனும் நின்றான். மனிதன் அதுவரை போயிருக்கும் அதிகபட்ச உயரம் என்று ஹம்போல்ட் பெருமைப்பட்டால் அந்தப் பெருமையில் சரியாக நாலில் ஒரு பங்கு அவனுக்கு. நான் வேலை பார்ப்பது ஒரு வங்கியில். எழுதப் படிக்கத் தெரியாதவர் பணம் எடுக்க வந்தால் இடது பெருவிரல் ரேகையை வாங்கி, பக்கத்தில் அவர் பெயரை எழுதி, இது இன்னாருடைய ரேகைதான் என்று தெரிந்த ஒருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வெறும் ரேகை செல்லாது. இந்தச் சின்ன விதி 1837-ல் ஒரு மகா பண்டிதருக்குத் தோன்றவில்லை. வர்க்கம், காலனியம் என்று இதை விளக்கிவிடலாம். விளக்கம் சரியாகவும் இருக்கும். விளக்கிய பிறகும் அவனுக்குப் பெயர் கிடைப்பதில்லை.

அதிகபட்ச உயரம் என்ற பெருமையும் நிலைக்கவில்லை. சிம்பராசோவில் இவர்கள் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்புவரை, அதே 1802-ல், பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் லாம்டன் ஏழரை மைல் நீளத்துக்கு இரும்புச் சங்கிலி போட்டு அளந்துகொண்டிருந்தார். ஏப்ரல் 10-ல் ஆரம்பித்து மே 22-ல் முடிந்தது அந்த வேலை. இந்தியாவின் பெரிய முக்கோண அளவைக்கு அதுதான் அடிக்கோடு. ஹம்போல்ட்டுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அடுத்த பத்திருபது வருஷங்களில் வேறு சர்வேயர்கள் இமயத்துச் சிகரங்களை அளந்து சிம்பராசோவைக் கீழே தள்ளினார்கள். பரங்கிமலையில் தொடங்கிய அளவை வடக்கே போய்ச் சேர்ந்து 1856-ல் எவரெஸ்டை அறிவித்தது. கணக்குப் போட்ட பிரிவுக்குத் தலைவர் ராதாநாத் சிக்தார். சிகரத்துக்குக் கிடைத்தது ஓய்வுபெற்றுப் போய்விட்ட பழைய அதிகாரியின் பெயர். ஹம்போல்ட்டுக்கு இமயத்தைப் பார்க்கத் தீராத ஆசை. லண்டனுக்குப் போயும் பார்த்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி தரவேயில்லை. எல்லா மனிதர்களிலும் உயரப் போனவன் நான்தான் என்று வாழ்நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேனே என்ற பொருளில், பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் தன்னையே கேலி செய்துகொள்கிறார்.

அந்த எண்ணம் அவர் நினைத்ததைவிட ஆழமாகத் தவறு. 1999-ல் அர்ஜென்டீனா - சிலி எல்லையில், லுல்லாயில்லாக்கோ என்ற எரிமலையின் உச்சியில், 6,739 மீட்டர் உயரத்தில், மூன்று குழந்தைகளின் உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். இன்காக்கள் பலி கொடுத்தவர்கள். ஏறத்தாழ ஐந்நூறு வருஷத்துக் குளிரில் உடல் கெடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஹம்போல்ட் நின்ற இடத்தைவிட எண்ணூற்றைம்பது மீட்டர் உயரத்தில், அவருக்கு முந்நூறு வருஷம் முன்பு, குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஏறியிருக்கிறார்கள்.

சிம்பராசோவின் உச்சியை 1880 ஜனவரி 4-ந் தேதி எட்வர்ட் விம்பர் என்ற ஆங்கிலேயர் தொட்டார். கூட வந்தவர்கள் இத்தாலிய மலைவாசிகளான காரெல் குடும்பத்தார் இருவர். விம்பர் முன்னே போனவர்களின் உயரக் கணக்குகளைச் சந்தேகித்தவர். எனக்கும் சின்ன இடறல் உண்டு. ஒரு மணிக்குப் பிளவின் விளிம்பு. இரண்டு மணி சில நிமிடங்களுக்குக் கோவேறு கழுதைகள் கட்டியிருந்த இடம். ஏற அத்தனை பாடுபட்ட விளிம்பில், கால் புண்ணோடு, பனியில், ஒரு மணி நேரத்தில் அத்தனை தூரம் இறங்க முடியுமா? தொகை நேராகவில்லை. வேடிக்கை என்னவென்றால், விம்பரையும் யாரும் நம்பவில்லை. அதனால் ஜூலை 3-ந் தேதி மறுபடி ஏறினார், இந்தத் தடவை அந்த நாட்டுக்காரர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு: டேவிட் பெல்ட்ரான், ஃபிரான்சிஸ்கோ கம்பான்யா. பிறகு குவாயாகிலில் பிரிட்டிஷ் கான்சல் முன்னிலையில் கம்பான்யாவிடம், நான் இவருடன் சிம்பராசோவின் உச்சிவரை போனேன் என்று வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்கினார். தன் புத்தகத்தில் அதை அச்சிடவும் செய்தார். எழுபத்தெட்டு வருஷத்தில் உள்ளூர்க்காரனுக்குப் பெயர் வந்துவிட்டது. துரைக்குச் சாட்சி தேவைப்பட்டபோது வந்தது.

கட்டுரையின் கடைசிப் பகுதி அவசரமாக இறங்குகிறது. வழியில் நின்று பாறைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் எல்லோரும் சிம்பராசோவிலிருந்து ஒரு சிறு துண்டு கேட்பார்கள் என்று அப்போதே தெரிந்திருந்ததாம். கொஞ்ச தூரத்தில் கல்மழை பிடித்துக்கொண்டது. இன்னும் கீழே வந்ததும் அது பனிமழையாகி, சற்று நேரத்தில் அந்த விளிம்பு முழுவதையும் மூடிவிட்டது. இரண்டு மணி தாண்டி, கழுதைகள் நின்ற இடத்தை அடைந்தார்கள். மூச்சு முட்டுகிறது என்று சொல்லி, மிரட்டலுக்கும் மசியாமல் தங்கிவிட்ட அந்த இந்தியர்கள் அங்கே காத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பற்றித் தேவைக்கு அதிகமாகவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்று ஹம்போல்ட் எழுதுகிறார்.